மின்சாரம் திடீரென நிற்கும்போது பிளாஷ் நினைவகத்தில் உள்ள தரவைக் காப்பது எப்படி?

குறும்பலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விவசாயப் பம்புசெட்டுகளைக் கைப்பேசி வழியாக இயக்கும் ஸ்டார்ட்டர் பலகை ஒன்றின் ஃபர்ம்வேர் (உள்நிரல்) அண்மையில் என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. அதை முதலில் எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பலகையில் ஒரு மைக்ரோகண்ட்ரோலரும், ஜிஎஸ்எம் மோடமும், மின்சாரம் இல்லாதபோதும் தரவை வைத்திருக்கும் 8 மெகாபைட் எஸ்பிஐ நார் பிளாஷ் நினைவகமும் உள்ளன. மோட்டார் ஓடிய மொத்த நேரம், தண்ணீர் இல்லாமல் ஓடுவதைக் கண்டறியும் கரண்ட் வரம்பு, அனுமதிக்கப்பட்ட கைப்பேசி எண்கள், கடைசியாக நடந்த நிகழ்வுகள் ஆகிய எல்லாமே அந்தப் பிளாஷில்தான் சேமிக்கப்படுகின்றன.

மின்சாரம் போய்த் திரும்பிய பின் சில பலகைகள் இவை அனைத்தையும் மறந்து, தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்குப் போய்விடுகின்றன. எண்கள் அழிந்துவிடுவதால் விவசாயி அழைத்தாலும் பலகை பதில் சொல்வதில்லை. விந்தை என்னவென்றால், மேசையில் வைத்து எத்தனை முறை பிளக்கைப் பிடுங்கினாலும் இந்தக் கோளாறு வருவதில்லை, வயலில்தான் வருகிறது. எல்லா அமைப்புகளும் ஒரே 4 கிலோபைட் செக்டாரில் (மொத்தமாக அழிக்கப்படும் பகுதியில்) இருக்கின்றன. மோட்டார் ஓடும்போது, ஓடிய நேரத்தைப் புதுப்பிப்பதற்காக நிமிடத்துக்கு ஒருமுறை அந்தச் செக்டார் அழித்து எழுதப்படுகிறது. கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் போதுமா, அல்லது சேமிக்கும் முறையையே மாற்றவேண்டுமா என்று அறிய விரும்புகிறேன்.

வடகரை எழுதியது:

நிமிடத்துக்கு ஒருமுறை அதே செக்டார் அழிக்கப்படுகிறது என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். இவ்வகை நார் சில்லுகளுக்குச் செக்டார் ஒன்றுக்கு 100,000 முறை அழிப்பு என்பதுதான் வழக்கமான உத்தரவாதம். நிமிடக் கணக்கில் பார்த்தால் அது 1,667 மணி நேர மோட்டார் ஓட்டம். நாள் முழுவதும் ஓடினால் 70 நாளுக்குள் தீர்ந்துவிடும். மின்தடை ஒருபுறம் இருக்கட்டும், ஓரிரு ஆண்டு பயன்பாட்டிலேயே அந்தச் செக்டார் தன் ஆயுளைக் கடந்துவிடக்கூடும்.

இனி கேள்விக்கு வருகிறேன். பிளாஷில் எழுதுதல் என்பது 1 ஆக இருக்கும் பிட்டை 0 ஆக்குவது மட்டுமே. 0 மறுபடியும் 1 ஆகவேண்டுமானால் செக்டார் முழுவதையும் அழிக்கவேண்டும். டேட்டாஷீட்டைப் பாருங்கள்: 256 பைட் பக்கம் ஒன்றை எழுத ஒரு மில்லி விநாடிக்கும் குறைவாகவே ஆகும், மிஞ்சினால் 3 மில்லி விநாடி. செக்டாரை அழிக்கவோ வழக்கமாக 45 மில்லி விநாடி ஆகும், மோசமான நிலையில் 400 வரை போகும். உங்கள் முறைப்படி அந்த இடைவெளியில் விவசாயியின் கைப்பேசி எண்கள் உலகத்தில் எங்கேயும் இல்லை, ராமில் மட்டுமே இருக்கின்றன. ராமும் அதே மின்சாரத்தை நம்பித்தான் இருக்கிறது.

ஆகவே முதல் விதி ஒன்றுதான். புதிய பிரதி முழுமையாக எழுதப்பட்டு, மறுபடி படித்துச் சரிபார்க்கப்படும் வரை பழைய பிரதியைத் தொடக்கூடாது. இரண்டு செக்டார்களை மாற்றிமாற்றிப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு பதிவிலும் ஏறுமுக வரிசை எண் ஒன்றும், பதிவு கெடவில்லை என்று சரிபார்க்க உதவும் சிஆர்சி ஒன்றும் இருக்கட்டும். பூட் ஆகும்போது, சிஆர்சி சரியாக இருக்கும் பதிவுகளில் வரிசை எண் எதற்கு அதிகமோ அதுவே செல்லும். இதைச் செய்துவிட்டால் மின்சாரம் எந்தக் கணத்தில் நின்றாலும் புதியது இருக்கும், அல்லது அதற்கு முந்தையது இருக்கும்.

ஓம்விதி எழுதியது:

நண்பர் வடகரை சொல்வது சரியே. ஆனாலும் மின்சுற்றை விட்டுவிட்டுப் பேசமுடியாது என்பதால் கெப்பாசிட்டர் கணக்கை முதலில் போட்டுவிடுகிறேன். பலரும் 3.3 வோல்ட் கம்பியில் பெரிய கெப்பாசிட்டரைப் போட்டுவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் 3.3 வோல்ட்டிலிருந்து, பிளாஷ் வேலைசெய்யும் கீழ் எல்லையான 2.7 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் தரும் ஆற்றல் 0.0018 ஜூல். பலகை அரை வாட் எடுத்தால் அது 3.6 மில்லி விநாடிக்குத்தான் தாங்கும். அதே கெப்பாசிட்டரை, மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டுக்கு இறக்கும் ரெகுலேட்டருக்கு முன்னால், 12 வோல்ட் பக்கம் போடுங்கள். பக் ரெகுலேட்டர் 6 வோல்ட் வரை வேலைசெய்யுமானால் கிடைக்கும் ஆற்றல் 0.054 ஜூல். அதாவது முப்பது மடங்கு. ரெகுலேட்டரின் இழப்பு 15 சதவீதம் போனாலும் ஏறத்தாழ 90 மில்லி விநாடி கையில் இருக்கும்.

அந்தக் கெப்பாசிட்டருக்கு முன்னால் ஒரு டயோடு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் சேமித்த ஆற்றல் ரிலே சுருளுக்கும் மற்றவற்றுக்கும் திரும்பி ஓடிவிடும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு 20 சதவீதம் கூடக்குறைய இருப்பது இயல்பு. வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் இருந்தால் இன்னும் குறையும். ஆகவே கணக்கில் வந்ததில் பாதியையே நம்பலாம் என்பது என் கருத்து.

வடகரை எழுதியது:

பாதியென்றால் 45 மில்லி விநாடி. செக்டாரை அழிக்க அதிகபட்சம் 400 வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன். கெப்பாசிட்டரை நம்பி அழிக்கத் தொடங்குபவர் என்ன செய்வார்?

ஓம்விதி எழுதியது:

தொடங்கக்கூடாது, நான் சொல்லவந்ததும் அதுதான். மின்தடை முன்னறிவிப்பு வந்ததும் எல்லாவற்றையும் அவசரமாகச் சேமிப்பது என்பது பலரும் கொண்டிருக்கும் தவறான எண்ணம். அந்த அறிவிப்பின் முதற்பயன் புதிதாக எதையும் தொடங்காமல் இருப்பது. மோடத்தையும் ரிலேயையும் உடனே நிறுத்துங்கள். ஜிஎஸ்எம் மோடம் அலைபரப்பும் கணங்களில் 2 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால், அது ஓடிக்கொண்டிருந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். நடந்துகொண்டிருக்கும் பக்க எழுத்து முடியட்டும். முன்கூட்டியே அழித்துத் தயாராக வைத்த இடம் இருந்தால் ஒரு சிறு பதிவை எழுதலாம். அதற்கு 3 மில்லி விநாடி போதும்.

முன்னறிவிப்பை எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். மைக்ரோகண்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் மின்னழுத்தக் காவல் 3.3 வோல்ட் கம்பியைப் பார்க்கிறது. அது குறையத் தொடங்கும்போது 12 வோல்ட் பக்கம் இருந்த ஆற்றல் முழுதும் தீர்ந்திருக்கும். டயோடுக்கு முன்னால் இரண்டு ரெசிஸ்டரும், மின்னழுத்தத்தை ஒப்பிடும் ஒரு கம்பரேட்டரும் போட்டு அங்கிருந்து எடுங்கள். உங்கள் பலகையில் ஃபேஸ் இழப்பைக் கண்டறியும் ஆப்டோகப்ளர் (மின்தொடர்பு இல்லாமல் ஒளி வழியாகச் செய்தி கடத்தும் சில்லு) ஏற்கெனவே இருக்கும் என்று நினைக்கிறேன். 50 ஹெர்ட்ஸில் அரைச்சுற்று 10 மில்லி விநாடி. இரண்டு அரைச்சுற்றுகள் வராவிட்டால் 20 மில்லி விநாடியில் செய்தி தெரிந்துவிடும்.

குறும்பலகை எழுதியது:

ஆப்டோகப்ளர் இருக்கிறது, ஃபேஸ் இழந்ததும் அதை ஒரு நிகழ்வாகப் பிளாஷில் பதிகிறோம். அப்படியென்றால் மின்சாரம் போகும் கணத்திலேயே நாங்கள் எழுதத் தொடங்குகிறோம் அல்லவா?

ஓம்விதி எழுதியது:

ஆம், கோளாறு வயலில் மட்டும் வருவதற்கான காரணங்களுள் அதுவும் ஒன்று. எழுத்தும் மின்தடையும் தொடர்பில்லாத இரு நிகழ்வுகள் என்று கருதி, இரண்டும் ஒரே கணத்தில் மோதும் வாய்ப்பு மிகக் குறைவு என்று கணக்கிடுவார்கள். பம்புசெட்டில் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை (ஃபேஸ்) போனால் பதிவு எழுதப்படுகிறது. சற்று நேரத்தில் மற்ற முனைகளும் போகின்றன. மோட்டார் கிளம்பும்போதும் அப்படியே. கிளம்பும் கரண்ட் முழுச்சுமைக் கரண்டைப் போலப் பல மடங்கு என்பதால், நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கும் கிணற்றில் மின்னழுத்தம் சட்டென்று சரியும். அதே கணத்தில்தான் உங்கள் ஃபர்ம்வேர் "மோட்டார் ஓடுகிறது" என்று எழுதுகிறது.

வடகரை எழுதியது:

ஓம்விதி குறிப்பிட்ட அந்தச் சரிவை வைத்துப் பார்த்தால் மேசைக்கும் வயலுக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. நண்பர் குறும்பலகை இரண்டு இடங்களை மட்டும் பார்த்துச் சொல்லவேண்டும்.

மேசையில் பிளக்கைப் பிடுங்கினால் மின்னழுத்தம் பூச்சியம் வரை இறங்குகிறது. பிளாஷும் மைக்ரோகண்ட்ரோலரும் சேர்ந்தே அணைகின்றன. வயலில் நடப்பது அரைகுறைச் சரிவு. மின்னழுத்தம் மைக்ரோகண்ட்ரோலரின் பிரவுன்அவுட் எல்லைக்குக் (அதற்குக் கீழே போனால் ரீசெட் ஆகும் எல்லைக்கு) கீழே ஒரு கணம் இறங்கி மீண்டும் ஏறிவிடுகிறது. மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆகிறது. பிளாஷோ அணையவில்லை, அதற்கு முன் கொடுத்த அழிப்புக் கட்டளையை இன்னும் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. அவ்வாறு வேலையில் இருக்கும்போது, அது வேலையில் இருக்கிறதா என்று காட்டும் நிலைப் பதிவேட்டைப் படிப்பது போன்ற ஓரிரு கட்டளைகளைத் தவிர மற்றவற்றைச் சில்லு கண்டுகொள்ளாது. உங்கள் பூட் நிரல் சில மில்லி விநாடியில் எழுந்து அமைப்புகளைப் படிக்கிறது. குப்பை வருகிறது, சிஆர்சி பொருந்தவில்லை. அடுத்து அது என்ன செய்கிறது?

ஒன்று, படிப்பதற்கு முன் சில்லு ஓய்வாக இருக்கிறதா என்று பூட் நிரல் பார்க்கிறதா? இரண்டு, சிஆர்சி தவறினால் உடனே தொழிற்சாலை மதிப்புகளைப் பிளாஷில் எழுதிவிடுகிறதா?

குறும்பலகை எழுதியது:

நிரலைப் பார்த்துவிட்டேன். முதலாவதற்குப் பதில் இல்லை, இரண்டாவதற்கு ஆம். சிஆர்சி தவறிய அடுத்த வரியிலேயே தொழிற்சாலை மதிப்புகள் எழுதப்படுகின்றன. மின்வழங்கியைச் சரித்து ஏற்றிப் பார்த்தேன், 3.3 வோல்ட்டை 2.5 வரை இறக்கி உடனே ஏற்றினால் கோளாறு என் மேசையிலும் வந்துவிடுகிறது.

வடகரை எழுதியது:

அப்படியானால் பூட் ஆனதும் முதல் வேலையாக நிலைப் பதிவேட்டைப் படித்து, சில்லு ஓயும் வரை காத்திருங்கள். படிக்க முடியாவிட்டால் தொழிற்சாலை மதிப்புகளை ராமில் மட்டும் வைத்துக்கொண்டு இயங்கட்டும். பயனர் கேட்டாலொழிய பிளாஷில் எழுதக்கூடாது. படிப்பதில் வந்த ஒரு தற்காலிகத் தடங்கலை நிரந்தர இழப்பாக மாற்றியது அந்த ஒரு வரிதான். இத்தகைய தானியங்கி மீட்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சினம் வரும்.

கூடவே, மைக்ரோகண்ட்ரோலரின் பிரவுன்அவுட் எல்லையைப் பிளாஷின் கீழ் எல்லையான 2.7 வோல்ட்டை ஒட்டி மேலே வையுங்கள். எல்லைக்குக் கீழே ஓடும் மைக்ரோகண்ட்ரோலர் எந்தக் கட்டளையை அனுப்பும் என்று சொல்லமுடியாது. பழைய ஏவிஆர் மைக்ரோகண்ட்ரோலர்களில் இப்படித்தான் ஈஈப்ராம் நினைவகம் கெட்டது. பிரவுன்அவுட் காவலை இயக்கிவையுங்கள் என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. பிளாஷின் தேர்வுக் கம்பிக்கு ஒரு புல்அப் ரெசிஸ்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரீசெட்டில் மைக்ரோகண்ட்ரோலரின் முனைகள் மிதக்கும். அப்போது அந்தக் கம்பி உயர் மின்னழுத்தத்திலேயே நிற்கவேண்டும்.

தாழைமடல் எழுதியது:

இரண்டு செக்டார் முறையைப் பற்றி ஒரு கருத்தைச் சேர்க்க விரும்புகிறேன். பாதியில் நின்ற அழிப்பு எழுத்தைவிட ஆபத்தானது. அழிப்பு பாதியில் நின்ற செக்டாரைப் படித்தால் எல்லாப் பைட்டும் எஃப்எஃப் (எல்லா பிட்டும் 1) என்றே வரலாம். பார்வைக்குக் காலி இடம்தான். உண்மையில் அங்கே செல்களின் மின்னூட்டம் எல்லைக்கோட்டில் நிற்கிறது. இன்று 1 என்று படிக்கப்படும் பிட், வெப்பநிலை மாறினாலோ பக்கத்தில் எழுதினாலோ 0 என்று படிக்கப்படும். அரைகுறையாகத் துடைத்த கரும்பலகையில் எழுதுவது போல, புதிய எழுத்தும் பழையதும் கலந்துவிடும். எனவே எஃப்எஃப் என்று வருவதை மட்டும் வைத்து "இந்தச் செக்டார் அழிக்கப்பட்டுவிட்டது" என்று முடிவு செய்யக்கூடாது.

2001 அளவில் லினக்ஸுக்கு வந்த ஜேஎஃப்எஃப்எஸ்2 கோப்பு முறைமை இதற்கு ஓர் எளிய வழியைக் கையாண்டது. அழிப்பு முடிந்தபின் செக்டாரின் தொடக்கத்தில் ஒரு தூய்மைக் குறியை எழுதும். குறி இல்லாமல் காலியாகத் தெரியும் செக்டாரை மறுபடியும் அழித்தபின்னரே பயன்படுத்தும். நீங்களும் தலைப்பில் அத்தகைய குறி ஒன்றை வையுங்கள்.

எழுத்திலும் இதே எல்லைக்கோட்டுச் சிக்கல் உண்டு. மின்சாரம் நிற்கும் கணத்தில் எழுதப்பட்ட கடைசிப் பதிவு, பூட் ஆனதும் சிஆர்சி சரியாகப் படிக்கப்படலாம். நாளை அதே பதிவு தவறலாம். ஆகவே திடீர் மின்தடைக்குப்பின் பூட் ஆகும்போது, கடைசியாகச் செல்லும் பதிவைப் படித்து அடுத்த இடத்தில் புதிதாக ஒருமுறை எழுதிவிடுவது நல்லது. ஒரு பதிவு கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். யூபிஐஎஃப்எஸ் எனும் பிளாஷ் கோப்பு முறைமையின் உருவாக்குநர்கள் இந்த நிலையற்ற பிட்டுகளைப் பற்றித் தங்கள் ஆவணங்களில் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

குறும்பலகை எழுதியது:

தோழி தாழைமடல் அவர்களுக்கு நன்றி. ஓடிய நேரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை எழுதவேண்டும் என்ற தேவையை மேலிடம் விடாது. இரண்டு செக்டார்களில் மாற்றி எழுதினால் ஆயுள் இருமடங்குதானே ஆகும்?

வடகரை எழுதியது:

ஒவ்வொரு முறையும் அழித்தால் அப்படித்தான். அழிக்காமல் அடுத்தடுத்து எழுதிக்கொண்டே போங்கள். ஒரு பதிவுக்கு 32 பைட் என்று வையுங்கள். 4,096 பைட் செக்டாரில் 128 இடங்கள். முதலிடம் தலைப்புக்கு, மற்ற 127 பதிவுகளுக்கு. நாள் முழுவதும் நிமிடத்துக்கு ஒன்று எழுதினாலும் ஆண்டுக்கு 525,600 பதிவுகள், அதாவது ஏறத்தாழ 4,140 அழிப்புகள். இரண்டு செக்டார்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 2,070. 100,000 முறை தாங்குமென்றால் 48 ஆண்டுகள். 8 மெகாபைட்டில் 2,048 செக்டார்கள் இருக்கும்போது இரண்டோடு நிற்கவேண்டியதும் இல்லை. நான்காக வைத்தால், எழுதிக்கொண்டிருக்கும் செக்டார் நிறைவதற்கு வெகுநேரம் முன்பே அடுத்ததை, மோட்டார் நிலை மாறாத அமைதியான நேரத்தில் அழித்துத் தயாராக வைத்துக்கொள்ளலாம். ஓம்விதி கேட்ட தயார் இடமும் அதிலேயே கிடைத்துவிடும்.

கைப்பேசி எண்களை இதோடு சேர்க்காதீர்கள். அடிக்கடி மாறுவதும் அரிதாக மாறுவதும் ஒரே செக்டாரில் இருக்கக்கூடாது. ஓடிய நேரத்தில் ஒரு நிமிடம் தொலைந்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

ஓம்விதி எழுதியது:

எவ்வளவோ பேசுகிறோம், ஃபெராம் வகை நினைவகச் சில்லு ஒன்றைப் போட்டால் பாதிச் சிக்கல் தீரும். அதில் அழிப்பே கிடையாது. எழுத்து பஸ்ஸின் வேகத்திலேயே முடிந்துவிடும், காத்திருக்கவேண்டியதில்லை. தாங்கும் எழுத்துகளின் எண்ணிக்கை கோடிகோடிக் கணக்கில் இருக்கும். 8 கிலோபைட் சில்லு ஓடிய நேரத்துக்கும் எண்களுக்கும் தாராளமாகப் போதும்.

வடகரை எழுதியது:

புதிய பலகைக்கு நானும் அதையே சொல்வேன். ஆயினும் ஃபெராமிலும் 40 பைட் கொண்ட பதிவில் 20ஆம் பைட்டோடு மின்சாரம் நிற்கலாம். பழையதும் புதியதும் கலந்த ஒன்று மிஞ்சும். இரண்டு பிரதியும் சிஆர்சியும் அங்கேயும் வேண்டும். வயலில் ஏற்கெனவே இருக்கும் பலகைகளுக்கு ஃபர்ம்வேர் ஒன்றே வழி.

குறும்பலகை எழுதியது:

லிட்டில்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமை ஒன்றைச் சேர்த்துவிட்டால் இதையெல்லாம் நாமே எழுதவேண்டியதில்லை என்று உடன் பணிபுரிபவர் சொல்கிறார்.

தாழைமடல் எழுதியது:

நல்ல தேர்வுதான். ஆர்ம் நிறுவனத்தின் எம்பெட் திட்டத்தில் 2017இல் வெளிவந்தது; மின்தடையைத் தாங்குவதையே முதல் நோக்கமாகக் கொண்டது. விவரக்குறிப்புகளை இரட்டைத் தொகுதிகளில், திருத்த எண்ணும் சிஆர்சியும் சேர்த்து வைக்கிறது. தரவைப் பழைய இடத்தில் திருத்தாமல் புதிய இடத்தில் எழுதுகிறது. ஃபேட் கோப்பு முறைமையோடு ஒப்பிடவே முடியாது. ஃபேட்டில் ஒதுக்கீட்டு அட்டவணையும் கோப்பகப் பதிவும் தனித்தனியே, இருந்த இடத்திலேயே திருத்தப்படுவதால் இரண்டுக்கும் நடுவே மின்சாரம் நின்றால் முரண்பாடு உறுதி.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கோப்பை மூடும் வரை அல்லது சிங்க் (உடனே பதிந்துவிடச் சொல்லும் கட்டளை) அழைக்கும் வரை லிட்டில்எஃப்எஸ் உங்கள் மாற்றத்தை உறுதிப்படுத்தாது. பதிவுக் கோப்பை நாளெல்லாம் திறந்தே வைத்திருப்பவர்கள் பிறகு வந்து முறையிடுகிறார்கள். அடுத்து, கீழே இருக்கும் உங்கள் டிரைவர் உண்மை பேசவேண்டும். சில்லு வேலையை முடிப்பதற்கு முன்பே "எழுதியாயிற்று" என்று அது திரும்பினால் மேலே உள்ள எந்தக் கோப்பு முறைமையும் காப்பாற்றாது. பூட்டில் சில்லு ஓயும் வரை காத்திருப்பதும் உங்கள் வேலைதான்.

எஸ்டிஎம்32 எல்4 வரிசை மைக்ரோகண்ட்ரோலரின் உள் பிளாஷில் அமைப்புகளை வைப்பவர்களுக்கு இன்னொன்று. அதில் எழுத்து 64 பிட் அலகுகளில் நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 8 பிட் ஈசிசி எனும் பிழைதிருத்தக் குறியீடு சேர்ந்திருக்கிறது. எழுத்து பாதியில் நின்ற அலகைப் படித்தால் திருத்தமுடியாத ஈசிசி பிழை எழுந்து, என்எம்ஐ எனும் தடுக்கமுடியாத குறுக்கீட்டுக்குள் நிரல் போய்விடும். அந்தக் கையாளியில் வெறும் முடிவிலாச் சுழற்சி இருந்தால் பலகை இனி எழுந்திருக்கவே எழுந்திருக்காது: பூட் ஆகும், படிக்கும், மாட்டும், உறைந்த நிரலைக் கண்டறியும் வாட்ச்டாக் ரீசெட் செய்யும், மறுபடி படிக்கும். கையாளியில் அந்தப் பிழைக் கொடியைத் துடைத்து, அந்த அலகு கெட்டது என்று குறித்துக்கொண்டு திரும்பிவரவேண்டும். எழுதிய அலகில் பின்னர் ஒரு பிட்டை மட்டும் மாற்றி உறுதிக்குறி இடும் பழைய உத்தியும் ஈசிசி உள்ள பிளாஷில் செல்லாது. குறிக்குத் தனி அலகு ஒதுக்குங்கள், அல்லது பதிவின் கடைசியில் வரும் சிஆர்சியையே குறியாகக் கொள்ளுங்கள்.

சாளரக்கம்பி எழுதியது:

இந்த இழையில் எல்லாரும் நார் பிளாஷைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் கேட்வே பெட்டி லினக்ஸில், இஎம்எம்சியில் (கன்ட்ரோலரையும் உள்ளேயே கொண்ட நேண்ட் வகைப் பிளாஷில்) ஓடுகிறது. பழைய பிரதியைத் தொடாதே என்ற விதியை நாங்களும் பின்பற்றுகிறோம்: தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் அழைத்து, பெயரை மாற்றி, பின் கோப்பகத்துக்கும் எஃப்சிங்க் அழைக்கிறோம். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை வால் முறையில் (மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் முறையில்) வைத்திருக்கிறோம். அப்படியிருந்தும், மாதக்கணக்கில் யாரும் தொடாத ஒரு நூலகக் கோப்பு மின்தடைக்குப்பின் கெட்டிருந்தது. எழுதாத கோப்பு எப்படிக் கெடும்?

வடகரை எழுதியது:

நார் பிளாஷில் எந்தச் செக்டார் எப்போது அழியும் என்பதை முடிவு செய்பவர் நீங்கள். இஎம்எம்சியில் அதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் கன்ட்ரோலர். நீங்கள் தொடாத கோப்பையும் தேய்மானத்தைச் சமன்செய்வதற்காகவோ இடத்தை ஒழுங்குபடுத்துவதற்காகவோ அது நகர்த்திக்கொண்டிருக்கும். எந்தத் தொகுதி எண்ணின் தரவு சில்லில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத் திருத்தும்போது மின்சாரம் நின்று, அந்தத் திருத்தத்தை ஃபர்ம்வேர் சரியாகக் கையாளாவிட்டால் தொடர்பே இல்லாத தரவு போகும்.

அதற்கும் கீழே நேண்ட் செல்லின் இயல்பு ஒன்று இருக்கிறது. எம்எல்சி வகையில் ஒரே செல்லில் இரண்டு பிட்டுகள், இரண்டு வெவ்வேறு பக்கங்களுக்கு உரியவையாக இருக்கும். இரண்டாவது பக்கத்தை எழுதும்போது மின்சாரம் நின்றால், முன்பே ஒழுங்காக எழுதி முடித்த முதற்பக்கமும் கெடும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தினர் 2011இல் நேண்ட் சில்லுகளின் மின்சாரத்தை நடுவில் துண்டித்துப் பார்த்து இதை அளந்து காட்டினார்கள். 2013இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்பி ஆய்வகமும் சேர்ந்து 15 எஸ்எஸ்டிகளைச் சோதித்தபோது 13 தவறின. விலை கொடுத்து வாங்கிய பெட்டிகளின் நிலையே அது.

ஆகையால் மேலே நான் விதித்த விதி, அழிப்பு உங்கள் கையில் இருக்கும் இடத்தில் மட்டுமே போதுமானது. கன்ட்ரோலரின் கையில் இருக்கும் இடத்தில், அதற்குத் தன் வேலையை முடிக்க ஆற்றல் கொடுப்பதைத் தவிர முழுமையான வழி இல்லை. ஓம்விதியின் கெப்பாசிட்டர் நார் பிளாஷ் பலகையில் வசதி என்றால், உங்கள் பெட்டியில் தேவை.

ஓம்விதி எழுதியது:

அந்த ஒப்புதலைக் குறித்துக்கொள்கிறேன். சாளரக்கம்பி, முன்னறிவிப்பு வந்ததும் எழுத்துகளை நிறுத்தி, இஎம்எம்சியின் கேஷைக் காலிசெய்து, மின்சாரம் நிற்கப்போகிறது என்ற அறிவிப்பை அதற்குக் கொடுங்கள், 4.5 பதிப்பு முதல் தரநிலையில் அதற்கு இடம் இருக்கிறது. அந்த நேரம் முழுதும் கெப்பாசிட்டர் தாங்கவேண்டும். கேட்வேக்கு 5 வாட் என்றால் மேலே போட்ட 1000 மைக்ரோ ஃபாரட் ஏறத்தாழ 9 மில்லி விநாடிக்குத்தான் தாங்கும். சூப்பர் கெப்பாசிட்டரோ சிறு பேட்டரியோ வேண்டியிருக்கும். வெப்பத்தில் இரண்டுக்குமே ஆயுள் குறைவு என்பதை மறக்கவேண்டாம்.

தாழைமடல் எழுதியது:

கூடுதலாக இரண்டு. இஎம்எம்சியின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ, செல்லுக்கு ஒரு பிட் மட்டும் வைக்கும் மேம்பட்ட பகுதியாக மாற்றலாம். எம்எல்சியில் கொள்ளளவு பாதியாகும். ஆனால் ஒரு பக்கம் இன்னொன்றைக் கெடுக்கும் சிக்கல் அங்கே இல்லை. இந்த அமைப்பை ஒரே ஒரு முறைதான் செய்யமுடியும் என்பதால் உற்பத்தியின்போதே முடிவு செய்யவேண்டும். அடுத்து, ரூட் கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்று ஏற்றி, எழுதும் தரவைத் தனிப் பகிர்வில் வையுங்கள். ஃபர்ம்வேர் இரண்டு பகிர்வுகளில் மாறிமாறி இருக்கட்டும். நீங்கள் எவ்வளவு குறைவாக எழுதுகிறீர்களோ அவ்வளவு குறைவாகத்தான் கன்ட்ரோலரும் தரவை நகர்த்தும்.

எஸ்க்யூலைட்டின் வால் முறையில் ஒத்திசைவை நார்மல் என்று வைத்திருந்தால் தரவுத்தளம் கெடாது. கடைசிப் பரிமாற்றங்கள் மட்டும் தொலையலாம். அதுவும் கூடாது என்றால் ஃபுல் என்று வையுங்கள். இந்த உறுதி, எஃப்சிங்க் சொன்னதை இஎம்எம்சி செய்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது.

குறும்பலகை எழுதியது:

மாற்றங்களைச் செய்துவிட்டேன். அமைப்புகள் தனியாக இரண்டு செக்டார்களில். ஓடிய நேரமும் நிகழ்வுகளும் நான்கு செக்டார் சுழற்சியில். தூய்மைக் குறி, பூட்டில் காத்திருப்பு, கடைசிப் பதிவை மறுபடி எழுதுதல் எல்லாம் வந்துவிட்டன. ஃபேஸ் இழப்பு வந்ததும் மோடம் நிற்கிறது, தயார் இடத்தில் ஒரே பதிவு எழுதப்படுகிறது. சோதனைக்கு ஒரு ரிலே வைத்து, இடைவெளியை மாற்றிமாற்றி மின்சாரத்தைத் துண்டிக்கிறேன். பலகை ஒவ்வொரு பதிவை உறுதிசெய்ததும் வரிசை எண்ணைச் சீரியல் கேபிள் வழியாக மடிக்கணினிக்கு அனுப்புகிறது. மீண்டதும் அதற்குக் குறைந்த எண் வந்தால் தோல்வி. இரவு முழுவதும் ஓடியும் ஒரு தோல்வியும் இல்லை. நம்பலாமா?

ஓம்விதி எழுதியது:

சீரியல் கேபிளைப் பிடுங்காமலேயே துண்டித்தீர்களா? அப்படியானால் மின்சாரத்தை நிறுத்தியபின் 3.3 வோல்ட் கம்பியில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். மடிக்கணினிப் பக்கத்து அடாப்டரின் அனுப்பும் கம்பி ஓய்வில் 3.3 வோல்ட்டில் நிற்கும். அது மைக்ரோகண்ட்ரோலர் முனையின் பாதுகாப்பு டயோடு வழியாகப் பலகைக்கு மின்சாரம் ஊட்டும்.

குறும்பலகை எழுதியது:

1.9 வோல்ட் காட்டுகிறது.

ஓம்விதி எழுதியது:

உங்கள் ராம் அணையவே இல்லை. கேபிளுக்கு நடுவில் ஆப்டோகப்ளர் போடுங்கள், அல்லது பலகை அனுப்பும் கம்பியை மட்டும் இணைத்து, வரும் கம்பியை எடுத்துவிடுங்கள். துண்டிப்பிலும் மூன்று வகை வேண்டும்: சட்டென்று பூச்சியம், சில விநாடி எடுத்து மெல்ல இறங்குதல், 2.5 வோல்ட் வரை இறங்கி உடனே ஏறுதல். முதலாவதே எளியது, ரிலே அதை மட்டும்தான் செய்யும். மற்ற இரண்டுக்கும் கட்டளை ஏற்கும் மின்வழங்கி தேவை. துண்டிக்கும் நேரத்தையும் இரவெல்லாம் குருட்டாம்போக்கில் விடவேண்டாம். அழிப்பு தொடங்கும்போது மைக்ரோகண்ட்ரோலரின் ஒரு முனையில் மின்னழுத்தத்தை உயர்த்தச் சொல்லி, அதிலிருந்து 1, 2, 3 மில்லி விநாடி என்று நகர்த்திக்கொண்டே போய் அழிப்பு முடியும் வரை துண்டியுங்கள்.

வடகரை எழுதியது:

அதோடு, 40 டிகிரிக்கு மேல் சூடான பெட்டிக்குள் வைத்தும் ஒருமுறை ஓட்டுங்கள். எல்லைக்கோட்டு பிட்டுகள் அறை வெப்பத்தில் தங்களைக் காட்டிக்கொள்வதில்லை.

குறும்பலகை எழுதியது:

வரும் கம்பியை எடுத்துவிட்டு, அழிப்பு முனையிலிருந்து நகர்த்தும் முறையில் மறுபடி தொடங்கியிருக்கிறேன். தூய்மைக் குறி இல்லாத செக்டாரை மறுபடி அழிக்கும் கிளை முதல்முறையாக இப்போதுதான் ஓடுகிறது. நேற்றிரவுச் சோதனையில் அது ஒருமுறைகூட எட்டப்படவே இல்லை என்பது பதிவில் தெரிகிறது. மின்வழங்கி கிடைத்ததும் மெல்ல இறங்கும் சோதனையின் முடிவுகளை இங்கேயே இடுகிறேன்.